தாமார் கத்தினாளே, யார் வந்தா?

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயசு, ஊர் தூத்துக்குடி பக்கம், பேர் போடாதீங்க. போன மாசம் எங்க சபையில பெண்கள் கூட்டத்துக்கு வெளியூர்ல இருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார். யாக்கோபோட மகள் தீனாள் கதையை எடுத்தார். அவ வீட்டுக்குள்ள ஒழுங்கா இருந்திருந்தா கெட்டுப்போயிருப்பாளா, ஊர் சுத்த போனதால தானேன்னு கேட்டார். அப்புறம் உபாகமம் 22ஐ வாசிச்சு, பட்டணத்துல இருந்தும் ஒருத்தி சத்தம் போடலைன்னா அவளுக்கும் அதுல பங்கு உண்டுன்னு வேதமே சொல்லுதுன்னார். எல்லாரும் ஆமென் சொன்னாங்க, எங்கம்மாவும் சொன்னாங்க. எனக்கு 19 வயசுல சொந்தக்காரர் ஒருத்தரால நடந்துச்சு அக்கா. பக்கத்து ரூம்ல ஆள் இருந்தாங்க. நான் கத்தல. வாயே திறக்க வரல. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. அப்போ நானும் பாவம் செஞ்சவளா?

பதில்: இல்லம்மா. நீ எந்தப் பாவமும் செய்யல. மிச்சத்தை எல்லாம் அப்புறமா படி, முதல்ல இந்த ஒரு வரியை ரெண்டு தடவை படிச்சிரு.

நீ எழுதின அந்த "வாயே திறக்க வரல"ங்கிறதை டாக்டர்கள் நல்லாவே அறிஞ்சு வெச்சிருக்காங்க. பெரிய பயம் வரும்போது உடம்பு ஓடும், இல்ல எதிர்த்து நிக்கும், ரெண்டுக்கும் வழியில்லன்னு தோணுச்சுன்னா அப்படியே மரத்துப் போயிரும், கை கால் அசையாது, தொண்டையில இருந்து சத்தம் வராது. ஸ்வீடன்ல ஸ்டாக்ஹோம்ல பாலியல் வன்முறைக்கு உள்ளாகி ஆஸ்பத்திரிக்கு வந்த 298 பெண்கள்கிட்ட விசாரிச்சு 2017ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அதுல 70 சதவீதம் பேர் அந்த நேரத்துல உடம்பு உறைஞ்சு போச்சுன்னு சொல்லியிருக்காங்க. பத்துல ஏழு பேர். இது சம்மதம் இல்லம்மா, உடம்பு உன்னைக் கேக்காம தானா செய்யுற காரியம்.

இப்ப வேதத்துக்கு வருவோம், ஏன்னா உன்னை அடிச்சது அந்தப் புஸ்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டு தான். நானும் ஓய்வுநாள் பள்ளியில வசனம் மனப்பாடம் பண்ணி பரிசு வாங்கினவ தான், அதனால உபாகமம் 22ஐ மழுப்ப மாட்டேன். நிச்சயம் பண்ணின பொண்ணு பட்டணத்துல இருந்தும் கூப்பிடலைன்னா ரெண்டு பேரையும் கல்லெறியணும்னு அங்க இருக்கு, அது எனக்கு இன்னைக்கும் கஷ்டமான வசனம் தான். ஆனா அந்தப் பிரசங்கியார் அதுக்கு அடுத்த மூணு வசனத்தை வாசிச்சாரான்னு யோசிச்சுப் பாரு. வயல்வெளியில நடந்திருந்தா பொண்ணுமேல குற்றமே இல்ல, இது ஒருத்தன் இன்னொருத்தன்மேல எழும்பி அவன் உயிரை வாங்கினது மாதிரி, அவ கூப்பிட்டிருப்பா, காப்பாத்த ஆள் இல்லன்னு எழுதியிருக்கு. கொலையோட சேர்த்துப் பேசுது பாரு. கொலை செய்யப்பட்டவனைப் பாத்து நீ ஏன் அந்தப் பக்கம் போனேன்னு யாராவது கேப்பாங்களா? அவ கத்தினதுக்கு சாட்சியே இல்ல, அப்படியும் அவ சொல்லுறதை நம்புது அந்த வசனம். இதை விட்டுட்டு முந்தின ரெண்டு வசனத்தை மட்டும் பிச்சு எடுத்துட்டு வந்து மேடையில வாசிச்சா அது எப்படிப்பட்ட பிரசங்கம்னு நீயே சொல்லு.

தீனாள் கதையும் அப்படித்தான். அந்த தேசத்துப் பொண்ணுங்களைப் பாக்கப் புறப்பட்டான்னு ஆதியாகமம் 34ல முதல் வசனம், நம்ம ஆளுங்க அதோட புஸ்தகத்தை மூடிருவாங்க. ரெண்டாவது வசனத்துல அந்த ஊர்ப் பிரபு சீகேம் அவளைக் கண்டான், கொண்டுபோனான், தீட்டுப்படுத்தினான், எல்லாமே அவன் செஞ்ச வினை, அவ செஞ்சது ஒண்ணும் இல்ல. ஏழாவது வசனத்துல "செய்யத்தகாத காரியம்"னு வருதே, அது சீகேம் செஞ்சதைப் பத்தி. அவ வெளிய போனதைப் பத்தி இல்ல. அவ வெளிய போனது தான் தப்புன்னு பழைய காலத்து யூத உரைகாரங்களே எழுதி வெச்சாங்க, 11ஆம் நூற்றாண்டு ராஷி உரையில கூட இருக்கு, அப்படி வழிவழியா வந்த பேச்சு இது. உரைகாரர் சொன்னதை எல்லாம் தேவன் சொன்னதா தூக்கிக்கிட்டு வந்து பொண்ணுங்க தலையில வெக்கிறாங்க.

ஆனா நான் உன்கிட்ட உண்மையில பேசணும்னு நினைச்சது தாவீது ராஜாவோட மகள் தாமாரைப் பத்தி. ரெண்டாம் சாமுவேல் 13. இந்த அதிகாரத்தை எடுத்து பெண்கள் கூட்டத்துல ஒருத்தரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்ல, 40 வருஷமா சபைக்குப் போறேன்.

அம்னோன் அவளுக்கு அண்ணன் முறை, தாவீதுக்கு வேற மனைவிகிட்ட பொறந்தவன். அவனுக்கு யோனதாப்னு ஒரு கூட்டாளி, பெரியப்பா பையன், மகா தந்திரசாலி. காய்ச்சல்காரன் மாதிரி படுத்துக்கோ, அப்பா பாக்க வருவார், தங்கச்சி வந்து என் கண்ணு முன்னால சமைச்சுக் குடுக்கணும்னு கேளுன்னு ஐடியா குடுத்தது அவன். தாவீது ராஜாவே ஆள் அனுப்பி, நீ அண்ணன் வீட்டுக்குப் போய் சமைச்சுக் குடுன்னு சொல்லி விடுறார். நல்லா கவனி, அவ ஊர் சுத்தப் போகல, அப்பா சொல்லிப் போனா. போய் மாவு பிசைஞ்சு, அவன் கண்ணு முன்னாடி பணியாரம் சுட்டு, சட்டியை எடுத்து அவனுக்கு முன்னால கொட்டி வெக்கிறா. தமிழ் வேதத்துல பணியாரம்னே இருக்கும், எனக்கு அந்த இடம் வரும்போதெல்லாம் எங்க வீட்டு அடுப்படி தான் ஞாபகம் வரும், அண்ணனுக்கு உடம்பு சரியில்லன்னு ஆசையா சுட்ட பணியாரம்.

என்ன உடுத்தியிருந்தான்னும் எழுதியிருக்கு. பலவருணமான அங்கி, கல்யாணம் ஆகாத ராஜகுமாரத்திகள் போடுறது. வேணாம் அண்ணேன்னு வாயால சொன்னா, இஸ்ரவேல்ல இப்படி செய்யக்கூடாதுன்னா, நான் என் அவமானத்தோட எங்க போவேன்னு கேட்டா, ராஜாகிட்ட பேசுன்னு கூட கெஞ்சினா. அவன் கேக்கல, அவளைவிட பலசாலின்னு எழுதியிருக்கு. முடிஞ்சதும் வேலைக்காரனைக் கூப்பிட்டு இவளை வெளிய தள்ளிக் கதவைப் பூட்டுன்னான். அவ தலையில சாம்பலைப் போட்டுக்கிட்டு, அந்த அங்கியைக் கிழிச்சுக்கிட்டு, கையைத் தலைமேல வெச்சு, சத்தம் போட்டு அழுதுகிட்டே போனா. எருசலேம்ல. பட்டணத்துல.

யார் வந்தா? கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் "சும்மா இரு, அவன் உன் அண்ணன், மனசுல வெச்சுக்காதே"ன்னான். அப்பா தாவீது கோபப்பட்டார், அவ்வளவு தான், அதுக்கு மேல அம்னோனை ஒண்ணும் செஞ்சதா அங்க இல்ல. பிரசங்கியார் சொல்லுற அத்தனையும் தாமார் செஞ்சா பாரு, வீட்டுப் பெரியவங்க சொல்லிப் போனா, மரியாதையா உடுத்தினா, வேணாம்னா, கத்தினா. எதுவும் அவளைக் காப்பாத்தல. நீ கத்தியிருந்தா எல்லாம் மாறியிருக்கும்னு அஞ்சு வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கியே, அதுக்காகத் தான் இவ்வளவு விரிவா எழுதினேன். அம்னோன்கள் இருக்கிற வீட்டுல கத்தினவளுக்கும் கத்தாதவளுக்கும் ஒரே பதில் தான் கிடைச்சிருக்கு, சும்மா இருன்னு.

அந்த "ஏன் கத்தல" கேள்வி சபைக்குள்ள மட்டும் இல்ல, கோர்ட்டுக்கும் போயிருக்கு. 1972ல மகாராஷ்டிரத்துல ஒரு ஆதிவாசிப் பொண்ணு, போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளயே போலீஸ்காரங்களால நடந்தது, உடம்புல காயம் இல்ல, சத்தம் போட்டதை நம்ப முடியாதுன்னு உச்ச நீதிமன்றமே அவங்களை விடுதலை பண்ணுச்சு. அதை எதிர்த்து 1979ல நாலு சட்டப் பேராசிரியர்கள் பகிரங்கக் கடிதம் எழுதி, பெண்கள் தெருவுக்கு வந்து, 1983ல சட்டத்தையே மாத்தினாங்க. இன்னைக்குச் சட்டம், எதிர்த்துப் போராடலைங்கிற ஒரே காரணத்துக்காக சம்மதம்னு எடுத்துக்கக் கூடாதுன்னு தெளிவா சொல்லுது. சட்டமே மாறிடுச்சு, பிரசங்கம் மாறல.

வேற மதத்துல இல்லையான்னு கேட்டா, இருக்கு. 2012 டிசம்பர்ல டெல்லி பஸ்ல அந்தப் பொண்ணைக் கொடுமைப்படுத்தி அவ செத்துப்போன பிறகு, ஆசாராம் பாபுங்கிற சாமியார், அவளும் தப்பு தான், அண்ணான்னு கூப்பிட்டுக் கெஞ்சியிருந்தா விட்டிருப்பாங்க, ஒரு கை தட்டினா ஓசை வருமான்னு பேசினார். அந்த ஆசாராமுக்கே 16 வயசுப் பொண்ணைப் பலாத்காரம் பண்ணின வழக்குல 2018 ஏப்ரல்ல ஜோத்பூர் கோர்ட் ஆயுள் தண்டனை குடுத்துச்சு. 2006ல சிட்னியில ஒரு முஃப்தி, அதாவது இஸ்லாமிய மார்க்கத் தலைவர், மூடாம வெச்ச இறைச்சியைப் பூனை தின்னா தப்பு பூனை மேலயான்னு பேசி உலகமே திட்டுச்சு. ஆனா குர்ஆன்ல 24ஆம் அத்தியாயம் 30ஆம் வசனம் முதல்ல ஆம்பளைங்களைத் தான் பார்வையைத் தாழ்த்திக்கச் சொல்லுது, பெண்களைப் பத்தின பேச்சு அதுக்கு அடுத்த வசனத்துல தான் வருது.

உனக்கு இப்போ போலீசுக்குப் போகணுமா வேணாமாங்கிறது உன் முடிவு, யாரும் அவசரப்படுத்தக் கூடாது, அஞ்சு வருஷம் ஆச்சுங்கிறதால கதவு மூடிடல. பேச ஆள் வேணும்னா 181க்கு போன் பண்ணு. அம்மா ஆமென் சொன்னது உன் கதை தெரியாம சொன்னது, அதையும் யோசிச்சுக்கோ. அந்தப் பிரசங்கியார் மறுபடி வந்தா நீ போகாதே, ஜுரம்னு சொல்லிரு, தேவன் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார்.

கேள்வி: மேடம், பெண்களைக் குறை சொல்லல, ஆனா ஜாக்கிரதையா இருக்கச் சொன்னா என்ன தப்பு? வீட்டைப் பூட்டிட்டுத் தானே போறோம்? தகுதியான வஸ்திரம்னு பவுலே சொல்லியிருக்காரே. - ஒரு வாசகர், மதுரை

பதில்: சார், பூட்டாத வீட்டுல திருடினாலும் திருட்டு தான், போலீஸ் வீட்டுக்காரரையும் சேர்த்து ஜெயில்ல போடுறதில்ல. 1 தீமோத்தேயு 2:9ஐ முழுசா வாசிங்க, மயிரைப் பின்னுறது, பொன், முத்து, விலை கூடின துணின்னு தான் வரிசையா வருது, பேச்சு பகட்டைப் பத்தினது. நம்ம சபையில கல்யாணத்துக்கு அம்பது பவுன் போட்டுட்டு வர்றவங்களைப் பாத்து இந்த வசனத்தை யாரும் வாசிச்சு நான் பாக்கல. இச்சையோட பாக்குறவனுக்கு இயேசு சொன்னது மத்தேயு 5ல இருக்கு, உன் கண்ணைப் பிடுங்கிப் போடுன்னு அவன்கிட்ட சொன்னார், அவளை முக்காடு போடச் சொல்லல. தாவீது ஆசைப்பட்டுக் கூட்டிட்டு வரச் சொன்ன பத்சேபாளையும் மொட்டை மாடியில குளிச்சான்னு திட்டுறோம்ல, மொட்டை மாடியில நின்னது தாவீது, "உப்பரிகையின்மேலிருந்து கண்டான்"னு இருக்கு. நாத்தான் தீர்க்கதரிசி வந்து விரலை நீட்டினது யார் பக்கம்னு ரெண்டாம் சாமுவேல் 12ஆம் அதிகாரம் பாருங்க.

இன்னொண்ணு, நம்ம நாட்டுக் குற்றப்பதிவுப் புள்ளிவிவரத்துல வருஷா வருஷம் பாலியல் பலாத்கார வழக்குல 90 சதவீதத்துக்கு மேல தெரிஞ்சவங்க தான் செஞ்சிருக்காங்க. சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், வேலை குடுத்தவர். வாசல் கதவைப் பூட்டி என்ன சார் பண்ண?

கேள்வி: என் பொண்ணுக்கு 13 வயசு. சபையில மியூசிக் சொல்லித்தர்றவர் தப்பா நடந்திருக்கார். பெரியவங்க கூடி, சகோதரன்மேல வழக்குக்குப் போகக்கூடாதுன்னு 1 கொரிந்தியர் 6ல இருக்கு, மன்னிச்சு விடுங்க, பொண்ணு பேரும் கெடும்னு சொல்றாங்க. அவளும் கொஞ்சம் அதிகமா சிரிச்சுப் பேசுறவ தானேன்னு ஒருத்தர் சொன்னார். - ஒரு அம்மா

பதில்: நம்பர் குடுத்திருந்தீங்க, கடிதம் வந்த அன்னைக்கே பேசிட்டோம், மத்த அம்மாக்களும் படிக்கணும்னு இங்க எழுதுறேன். 1 கொரிந்தியர் 6 அற்பமான சொத்து, கொடுக்கல் வாங்கல் தகராறுக்கு, குழந்தை மேல கை வெச்சதுக்கு இல்ல. 2012 போக்சோ சட்டத்துல, குழந்தைக்கு இப்படி நடந்தது தெரிஞ்சவங்க எல்லாரும் போலீஸ்ல சொல்லியே ஆகணும், சொல்லலைன்னா அதுவே குற்றம், 6 மாசம் வரை ஜெயில் உண்டு. அந்தக் கூட்டத்துல உக்காந்திருந்த பெரியவங்களுக்கும் இது பொருந்தும். பஞ்சாயத்து பேசி முடிக்கிற விஷயமும் இல்ல. 2015ல சென்னை உயர் நீதிமன்றமே ஒரு பலாத்கார வழக்கை சமரசத்துக்கு அனுப்பி, எதிர்ப்பு கிளம்பின பிறகு அந்த உத்தரவைத் திரும்ப வாங்கிக்கிச்சு. அதே சமயத்துல இன்னொரு வழக்குல உச்ச நீதிமன்றம் இதுல சமரசத்துக்கே இடம் இல்லன்னு சொல்லிருச்சு.

1098க்கு போன் பண்ணுங்க, குழந்தைகளுக்கான நம்பர். ஸ்டேஷனுக்குப் பொண்ணைக் கூட்டிட்டுப் போகணும்னு அவசியம் இல்ல, வீட்டுக்கே வந்து, யூனிஃபார்ம் இல்லாம வாக்குமூலம் வாங்கணும், முடிஞ்சவரை பெண் எஸ்.ஐ. தான் வரணும். டாக்டர் பரிசோதனைக்கு லேடி டாக்டர், நீங்க பக்கத்துலயே இருக்கலாம். அவ பேர், போட்டோ, ஸ்கூல் எதுவும் எந்தப் பத்திரிகையிலயும் வரக்கூடாது. பேர் கெடும்னு சொல்றவங்க வாய்க்கு இதைச் சொல்லுங்க.

போன்ல நீங்க அழுதுகிட்டே சொன்னீங்க, அவர் குடுத்த சாக்லேட்டை நான் வாங்கினது தான் தப்பாம்மான்னு அவ கேட்டான்னு. இன்னைக்கு ராத்திரி பக்கத்துல படுக்க வெச்சு, இல்லம்மா, சாக்லேட் வாங்குறது தப்பே இல்லன்னு சொல்லுங்க. நாளைக்குக் கேட்டாலும் சொல்லுங்க, அவ திரும்பத் திரும்பக் கேப்பா.