சார் குவே தியாவ் ஏன் களியாகிறது? (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

மலேசியாவின் பினாங்கில் நான்கு நாளும் சாயங்காலம் தெருக்கடைச் சார் குவே தியாவ்தான், அதாவது வறுத்த பட்டை அரிசி நூடுல்ஸ். ஊர் திரும்பியதும் ஆசையாகச் செய்தேன். காய்ந்த அரிசி நூடுல்ஸ் அரைக் கிலோவை வேகவைத்து, நாலு பேருக்கும் சேர்த்து நான்ஸ்டிக் வாணலியில் வதக்கினேன். களி மாதிரி ஒட்டிக்கொண்டது. அந்தப் புகை மணமும் வரவில்லை. எங்கே தப்பு?

சுதா, கோவை

அன்புள்ள சுதா,

'நாலு பேருக்கும் சேர்த்து' என்றீர்களே, அங்கேதான். நல்ல கடைகளில் எத்தனை பேர் காத்து நின்றாலும் ஒரு தட்டு முடிந்த பிறகே அடுத்தது. சட்டி புகையக் காய்ந்திருந்தால் நூடுல்ஸ் விடும் ஈரம் விட்ட வேகத்திலேயே ஆவியாகும். சோயா சாஸ் இரும்பில் பட்டுக் கருகும் தறுவாய்க்குப் போகும், எண்ணெய்த் துளிகள் தீயில் பற்றும். சீனர்கள் 'வொக் ஹேய்' என்கிற அந்த மணம் இதில்தான் பிறக்கிறது. அரைக் கிலோவைக் கொட்டினால் சட்டி ஆறிப்போகும். ஈரம் அடியில் தேங்கி, நூடுல்ஸ் வறுபடாமல் அவியும்.

நான்ஸ்டிக்கை அந்தச் சூட்டுக்குக் காய்ச்சக்கூடாது, பூச்சு கெட்டுவிடும். தடித்த இரும்பு வாணலியை எடுத்துப் பெரிய பர்னரில் புகை வரும்வரை காய விடுங்கள்.

காய்ந்த நூடுல்ஸை வேகவைக்கவே வேண்டாம். 5 மி.மீ. அகலப் பட்டையைப் பச்சைத் தண்ணீரில் முக்கால் மணி நேரம் ஊறப்போடுங்கள். விரலில் சுற்றினால் ஒடியாமல் வளைய வேண்டும். கடித்தால் நடுவில் சற்று விறைப்பு இருக்க வேண்டும். ஈரம் போக வடித்து, ஒரு தட்டுக்கு 200 கிராம் எடுங்கள். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், அரைத் தேக்கரண்டி கருப்பு சோயா சாஸ், சிட்டிகை சர்க்கரை, வெள்ளை மிளகுத்தூள், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் ஆகியவற்றை முன்பே கலந்து வையுங்கள். அடுப்பேறிய பிறகு பாட்டிலைத் தேட நேரமிருக்காது.

ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெயில் இரண்டு பல் பூண்டை நறுக்கிப் போட்டு, மணம் வந்ததும் ஐந்தாறு இறால், ஒரு தேக்கரண்டி அரைத்த வற்றல் மிளகாய். இறால் சிவந்ததும் நூடுல்ஸ். கலவையை நூடுல்ஸ் மேல் ஊற்றாமல் சட்டியின் விளிம்பைச் சுற்றி ஊற்றுங்கள், சுரீரென்று சத்தம் வர வேண்டும். நீர் வற்றியதும் நூடுல்ஸை ஒதுக்கி, முட்டையை உடைத்து ஊற்றிப் பாதி உறைந்த பின் புரட்டுங்கள். கடைசியில் ஒரு கைப்பிடி பயறு முளை, 'குச்சாய்' என்னும் பூண்டு மணத் தாள் (கிடைக்காவிட்டால் வெங்காயத்தாள்). முளை நறுக்கென்று இருக்கும்போதே இறக்கிவிடுங்கள்.

அங்கே பல கடைகளில் பன்றிக்கொழுப்பில்தான் வறுப்பார்கள். வெறும் எண்ணெயில் அந்த ருசி முழுதாக வராது. அரைவேக்காட்டில் போடும் கெராங் சிப்பியை வீட்டில் தவிர்த்துவிடுங்கள். 1988இல் ஷாங்காயில் அப்படிச் சிப்பி தின்றதால் லட்சக்கணக்கானோருக்கு மஞ்சள் காமாலை பரவியது.

அடுத்த தட்டுக்கு முன் சட்டியைத் துடைத்து, மறுபடி புகைய விடுங்கள்.