கேள்வி–பதில்: ஆஸ்பெஸ்டாஸ் உள்ள கட்டடத்தில் யாருக்கு என்ன பொறுப்பு?

நான் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் உரிமையாளர்; முழுவதையும் வாடகைக்கு விட்டிருக்கிறேன். கூரைத் தகடுகளிலும் கொதிகலன் அறைக் குழாய்களின் மேற்பூச்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பதாக வாடகைதாரர் சொல்கிறார். அதைக் கவனிக்க வேண்டியவர் நானா, அவரா? உடனே அகற்றியாக வேண்டுமா?

முதலில் உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் பழுதுபார்ப்பு பற்றிய பிரிவை எடுத்துப் படியுங்கள். இவ்விஷயத்தில் மிக விரிவான விதிகளை வகுத்துள்ள பிரிட்டனின் 2012-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், பராமரிப்புக்கும் பழுதுபார்ப்புக்கும் ஒப்பந்தப்படி யார் பொறுப்போ அவரையே கடமைப்பட்டவராகக் கருதுகின்றன. ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லையென்றால், அந்த இடம் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவர்மீது பொறுப்பு விழுகிறது. இருவருக்கும் பங்கு இருந்தால், அவரவர் பங்கின் அளவுக்குக் கடமையும் உண்டு. மற்ற நாடுகளில் பிரிவு எண்கள் மாறும் என்றாலும், ‘எனக்குத் தெரியாது’ என்ற பதிலை ஏற்காத சட்டங்களே பெருகி வருகின்றன.

அகற்றுவதைப் பொறுத்தவரை, பொருள் நல்ல நிலையில், யாரும் தொந்தரவு செய்யாத இடத்தில் இருந்தால், அதை அப்படியே விட்டுக் கண்காணிப்பதே பெரும்பாலும் பாதுகாப்பானது. நீங்கள் குறிப்பிட்ட இரண்டும் ஒரே தரத்தவை அல்ல. ஆஸ்பெஸ்டாஸ் என்பது நுண்ணிய இழைகளாலான கனிமம்; அந்த இழைகள் மூச்சோடு உள்ளே போவதுதான் ஆபத்து. கூரைத் தகட்டில் இழைகள் சிமென்ட்டோடு இறுகிக் கிடக்கின்றன; உடைக்காமல், அறுக்காமல், பாசி போக்குவதற்காக அழுத்த நீரைப் பீய்ச்சாமல் இருந்தால் அவை எளிதில் வெளிவருவதில்லை. குழாயின் வெப்பக்காப்புப் பூச்சோ கைபட்டாலே பொடியாகக்கூடியது. குழாய் வளைவுகளில் துணிச்சுற்று கிழிந்து உள்ளிருக்கும் வெண்பொடி தெரிந்தாலோ, கீழே தரையில் தூள் உதிர்ந்து கிடந்தாலோ, அந்த அறையைப் பூட்டிவிட்டு, தகுதி பெற்ற நிறுவனத்தை அழையுங்கள். துடைப்பம் எடுத்துக் கூட்டும் எண்ணம் மட்டும் யாருக்கும் வர வேண்டாம். உலர்ந்த தூளைக் கூட்டினால் அது முழுவதும் மூச்சுமட்டத்துக்கு எழும்பிவிடும்.

அதன் பிறகு முறையான ஆய்வு நடத்தி, எந்த அறையில், எந்தப் பொருளில், எவ்வளவு, என்ன நிலையில் ஆஸ்பெஸ்டாஸ் உள்ளது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். இல்லை என்பதற்கு வலுவான சான்று கிடைக்காதவரை, சந்தேகத்துக்குரிய பொருளில் அது இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பது பிரிட்டன் விதி. எனக்கு மிகவும் பிடித்த விதியும் இதுதான். ஆய்வாளர் நுழைய முடியாத உட்கூரை இடைவெளிகளையும் அடைத்த தூண்களையும் ‘இருக்கலாம்’ என்ற கணக்கில் சேர்த்து, மேலாண்மைத் திட்டம் ஒன்றை எழுதி, பொருள்களின் நிலையைக் குறித்த இடைவெளிகளில் மறுபடியும் பார்வையிட வேண்டும்.

நான் ஒரு எலெக்ட்ரீஷியன். புதிய கேபிள் இழுப்பதற்காக ஒரு பழைய கட்டடத்தின் உட்கூரைப் பலகைகளில் துளையிடச் சொல்கிறார்கள். ஆஸ்பெஸ்டாஸ் பதிவேட்டைக் கேட்டால், ‘அது அலுவலகத்தில் இருக்கிறது, உங்களுக்கு எதற்கு?’ என்கிறார்கள். வேலையை மறுக்க எனக்கு உரிமை உண்டா?

அந்தப் பதிவேடு எழுதப்படுவதே உங்களுக்காகத்தான். பொருளைத் தொடக்கூடிய ஒவ்வொருவருக்கும் அது இருக்கும் இடத்தையும் நிலையையும் தெரிவிப்பது கடமைப்பட்டவரின் பொறுப்பு. வேலை தொடங்கும் முன் தெரிவிக்காத தகவலால் ஒரு பயனும் இல்லை. சிறப்பாக அச்சடித்து அலமாரியில் பூட்டி வைத்த பதிவேட்டை, இல்லாத பதிவேட்டுக்குச் சமமாகவே நான் கருதுகிறேன். மேலும், அன்றாடப் பராமரிப்புக்காக நடத்திய ஆய்வு உங்கள் வேலைக்குப் போதாமலும் போகலாம். கட்டடத்தின் உட்பகுதியைக் கலைக்கும் புதுப்பிப்புப் பணிக்கும் இடிப்புக்கும் முன்பாக, அந்தப் பகுதியைத் திறந்து பார்க்கும் தனி ஆய்வு தேவை.

மறுப்பைப் பற்றி: தன் உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பி வேலையிலிருந்து விலகும் தொழிலாளரைத் தேவையற்ற பின்விளைவுகளிலிருந்து காக்க வேண்டும் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 155). உங்கள் நாட்டுச் சட்டம் இதை எந்த அளவுக்கு ஏற்றிருக்கிறது என்பதைத் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் ஆய்வாளரிடமோ கேளுங்கள். அதுவரை, பதிவேட்டைக் காட்டும்படி எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பணியிடத்தில் காற்றை அளந்து, ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.1 இழைக்கும் குறைவாக இருப்பதால் ஆபத்தே இல்லை என்று நிர்வாகம் அறிவித்துவிட்டது. இது சரியா?

சரியல்ல. ஒரு கணக்கைப் பாருங்கள். எட்டு மணி நேர வேலையில் ஒருவர் சுமார் 10 கன மீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார்; அது 1 கோடி கன சென்டிமீட்டர். 0.1 என்ற அளவில் அந்தக் காற்றில் 10 லட்சம் இழைகள் இருக்கும். பாதுகாப்பான அளவு என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் ஆஸ்பெஸ்டாஸுக்குக் கண்டறியப்படவில்லை. அதன் எல்லா வகைகளும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை. சட்டம் கூறும் எண் மீறக்கூடாத உச்சம் மட்டுமே. அதற்குக் கீழேயும் இயன்றவரை குறைத்துக்கொண்டே போவது நிர்வாகத்தின் கடமை. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் திருத்திய விதியில் இந்த உச்சத்தையே பத்தில் ஒரு பங்காக, அதாவது 0.01 ஆகக் குறைத்திருக்கிறது.

இடிப்பு வேலைக்குச் செல்லும் என் கணவர் தூசு படிந்த உடையோடு வீடு திரும்புகிறார். நான்தான் துவைக்கிறேன்.

இனித் துவைக்காதீர்கள், உதறவும் செய்யாதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1986-ஆம் ஆண்டு ஆஸ்பெஸ்டாஸ் உடன்படிக்கை (எண் 162), வேலை உடைகளை வீட்டுக்கு எடுத்துச் செல்வதைத் தடை செய்கிறது. உடை தருவதும், அதைப் பாதுகாப்பாகச் சுத்தம் செய்வதும், தொழிலாளர் குளிப்பதற்கு வசதி செய்து தருவதும் முதலாளியின் பொறுப்பு. தொழிலாளர்களின் துணியைத் துவைத்த குடும்பத்தினருக்கும் மீசோதெலியோமா என்னும் புற்றுநோய் வந்திருக்கிறது.

ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது மூச்சுத்திணறல் இருக்கிறது. பழைய பதிவுகளைக் கேட்க முடியுமா?

கேளுங்கள். இந்நோய்கள் வெளிப்படப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள், சில வேளைகளில் அதற்கும் மேல் ஆகின்றன. பிரிட்டனில் சுகாதாரப் பதிவுகளை 40 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்வதும் இதனால்தான். மருத்துவரிடம் மூச்சுத்திணறலை மட்டும் சொல்லாமல், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை எந்தப் பிரிவில் என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள். தொழிற்சாலை மூடப்பட்டிருந்தால், பழைய சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, உடன் வேலை பார்த்தவர்களின் எழுத்து வாக்குமூலம் ஆகியவற்றை இப்போதே திரட்டுங்கள். இழப்பீடு கோர உங்கள் நாட்டில் காலவரம்பு இருக்கக்கூடும் என்பதால், நோய் உறுதியானதும் தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.