சட்டப் பிரிவு: கேள்வி – பதில்

கேள்வி: கொழும்பில் ஓர் இறக்குமதி நிறுவனத்தின் சட்டப் பிரிவில் நாங்கள் இருவர்தான். வர்த்தக மேல் நீதிமன்றத்தில் ஆறு வழக்குகள். தவணைக்குத் தவணை, அதாவது வழக்கு எடுக்கப்படும் ஒவ்வொரு நாளுக்கும், பில் வருகிறது, வழக்கோ நகரவில்லை. நிதிப் பிரிவு எங்களைத்தான் குடைகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கொள்ளுப்பிட்டி

பதில்: முதலில் பில்லைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். புரொக்சி (உங்கள் சார்பில் வழக்கை நடத்த அதிகாரம் தரும் பத்திரம்) போட்டவருக்கு எவ்வளவு, ஜூனியருக்கு எவ்வளவு, சீனியருக்கு எவ்வளவு, அன்றைய தவணை எதற்கு என்பது தெரியாமல் கட்டணம் பேச முடியாது. பணம் அதிகம் கசிவது அழைப்புத் தவணைகளில். வெறுமனே திகதி குறிக்க ஜனாதிபதி சட்டத்தரணி பட்டம் பெற்ற சீனியர் எழுந்து நிற்கத் தேவையில்லை, ஜூனியர் போதும். இதை, சட்டத்தரணியை அமர்த்தும் நியமனக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

பிறகு கட்டணத்தை வழக்கின் கட்டங்களோடு கட்டுங்கள். வழக்குரை தயாரிக்க ஒரு தொகை, எழுவினாக்கள் (நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகள்) எழுப்பும்வரை ஒரு தொகை, எழுத்துமூல சமர்ப்பணத்துக்கு ஒரு தொகை. சாட்சிகளை விசாரிக்கும் விளக்க நாட்களுக்கு மட்டும் நாட்கட்டணம் இருக்கட்டும். சீனியர் அந்த நாளை உங்களுக்காக ஒதுக்குகிறார், அது நியாயம். விளக்கம் தள்ளிப்போனால், யார் கேட்டுத் தள்ளிப்போனது என்று பாருங்கள். உங்கள் சட்டத்தரணி கேட்டிருந்தால் கட்டணம் இல்லை, எதிராளி கேட்டிருந்தால் பாதி, உங்கள் சாட்சி வராவிட்டால் முழுவதும். கடைசியது கசக்கும். ஆனால் விலகிப்போன விற்பனை முகாமையாளரைத் தேடுவதிலும், களஞ்சியத்தில் கிடக்கும் மூல இன்வொய்சைத் தேடுவதிலும் நிறுவனங்களே தொலைக்கும் தவணைகள் கொஞ்சமல்ல.

முழு வழக்குக்கும் ஒரே தொகை பேசாதீர்கள். பாதி வழியில் உங்கள் கோப்பு அடியில் போய்விடும்.

ஒவ்வொரு தவணையன்றும் மாலைக்குள் மூன்று வரிக் குறிப்பு வரவேண்டும்: என்ன நடந்தது, அடுத்த திகதி எதற்கு, நீங்கள் கொடுக்க வேண்டியது என்ன. குறிப்பு இல்லாத பில்லுக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். கொடுக்கும்போது, தனியொரு சட்டத்தரணிக்கான கட்டணம் மாதம் 100,000 ரூபாவைத் தாண்டினால் 5 சதவீத வரி பிடிக்கும் விதி 2023 ஜனவரியில் மீண்டும் வந்ததைக் கணக்காளருக்கு நினைவூட்டுங்கள்.

கேள்வி: சட்டத்தரணியை மாற்ற முடிவெடுத்துக் கடிதமும் கொடுத்துவிட்டோம். புதியவர் ஏன் இன்னும் தயங்குகிறார்?
– வாசகர், புதுக்கடை

பதில்: கடிதம் மட்டும் போதாது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 27ஆம் பிரிவின்படி, பழைய சட்டத்தரணிக்கு அறிவித்து, நீங்கள் கையொப்பமிட்ட எழுத்தை வழக்கேட்டில் சேர்த்து, நீதிமன்றத்தின் அனுமதி பெற்றால்தான் புரொக்சி ரத்தாகும். அதுவரை வேறொருவர் உங்களுக்காகக் கோவைப்படுத்தும் பத்திரம் செல்லாது என்று எதிராளி எழுந்து நிற்பார். கட்டணப் பாக்கியை முதலில் தீர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோப்பு கைக்கு வராது. தீர்ப்பு நெருங்கிய வழக்கென்றால் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதே மேல். தீர்ப்பு வந்துவிட்டால் நேரம் குறைவு: மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாள் (ஞாயிறும் பொது விடுமுறையும் கழித்து), மேன்முறையீட்டு மனுவுக்குத் தீர்ப்புத் திகதியிலிருந்து 60 நாள். அந்த 60 நாளும், தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதி கையில் கிடைக்கும்வரை காத்திருக்காது.

கேள்வி: கடனுக்குக் கொடுத்த பொருளுக்கு மூன்று முறை கோரிக்கைக் கடிதம் அனுப்பியாகிவிட்டது. இன்னும் பொறுக்கலாமா?
– வாசகர், புறக்கோட்டை

பதில்: பொறுக்க வேண்டாம். காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி விற்று ஒப்படைத்த பொருளுக்கான கடனுக்கு வழக்கிட ஓராண்டுதான், அதுவும் பணம் செலுத்த வேண்டிய நாளிலிருந்து. எழுத்துமூல ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டு என்ற நினைப்பில் பலர் இருந்துவிடுகிறார்கள். வெறும் இன்வொய்ஸ் அந்த ஒப்பந்தமாகுமா என்பதே பிறகு வாதமாகும். நீங்கள் அனுப்பும் கோரிக்கைக் கடிதம் காலத்தை நிறுத்தாது. வாங்கியவர் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். வாங்கியவர் தன் பாக்கியை ஒப்புக்கொள்ளும் மீதித்தொகை உறுதிப்படுத்தல் கடிதத்தை ஆண்டு முடிவில் மட்டும் எடுக்காமல், ஆறு மாதத்துக்கொரு முறை கையொப்பத்துடன் எடுத்து வையுங்கள்.