இரண்டு கோழி

அன்புள்ள ஐயா,
எங்கள் ஊர் சோமனூர்ப் பக்கம். பெரியப்பா தறிக்குடோனைச் சாத்தி இரண்டு வருஷமாகிறது. இப்போது ராத்திரி மூன்று மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘வடக்கத்திக்காரன் ஊரைப் பிடிச்சுக்குவான்’ என்று வீடியோ அனுப்புகிறார். ஹிட்லர் செய்ததைத்தான் எல்லாக் கட்சியும் செய்கிறது. எதிரியைக் காட்டாமல் ஓட்டுக் கேட்கிற கட்சி உண்டா? நான் குழுவைவிட்டு விலகிவிடலாமா?
- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஹிட்லரை இழுக்காமல் எனக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை. 1933 பிப்ரவரி 27 அன்று பெர்லினில் நாடாளுமன்றம் எரிந்தது. கம்யூனிஸ்ட் பூச்சாண்டி காட்டி மறுநாளே அவசர ஆணை, மார்ச் 5 அன்று தேர்தல். அத்தனை மிரட்டியும் ஹிட்லர் கட்சிக்குக் கிடைத்தது 43.9 சதவீத ஓட்டு. வெறும் பயத்துக்கு அவ்வளவுதான் விலை. கூட இன்னொன்று வேண்டும்.

எனக்குப் பத்து வயசு. பெருந்துறைக்குத் தெற்கே எங்கள் ஊரில் திருடன் புரளி. உடம்பெல்லாம் விளக்கெண்ணெய் பூசிக்கொண்டு வருவானாம், பிடித்தால் வழுக்கிவிடுவானாம். வீட்டுக்கு ஓர் ஆள் காவல் என்று ஏற்பாடானது. ஏற்பாடு செய்தவர் அதுவரை ஊரில் யாரும் மதிக்காத ஆள். தினமும் காலையில் வந்து, “ராத்திரி நாய் கொலைச்சுதே, கேட்டீங்களா?” என்பார். நாய் என்றைக்குத்தான் குரைக்கவில்லை?

நாற்பது ராத்திரி. தடி, டார்ச் லைட், மாரியம்மன் கோயில் திண்ணையில் கருப்பட்டிக் காபி. கிணற்றுத் தண்ணீர் முறையில் சண்டை போட்டு ஏழு வருஷம் பேசாமலிருந்த எங்கள் அப்பாருவும் அவர் பங்காளியும் ஒரே சாக்கில் உட்கார்ந்து வெற்றிலை மாற்றிக்கொண்டதை நான் பார்த்தேன். தம்பி, அவ்வளவு சந்தோஷமான ஊரை நான் அதற்கப்புறம் பார்க்கவே இல்லை. திருடன் வந்துவிட வேண்டும் என்று படுக்கையில் சாமி கும்பிட்டவன் நான்! களவு போனது இரண்டு கோழி. தின்றது காவலுக்குப் போனவர்கள்.

மழை பிடித்ததும் காவல் நின்றது. மூன்றாம் நாள் மோட்டார் ரூம் வாசலில் அப்பாருவும் பங்காளியும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். ஏற்பாடு செய்தவர் அடுத்த பஞ்சாயத்துத் தேர்தலில் வார்டு மெம்பர்.

கட்சிக்காரன் பயத்தை மட்டும் விற்கிறான் என்று எழுதுகிறீர்கள். அந்தத் திண்ணையையும் சேர்த்தல்லவா விற்கிறான்? உங்களைப் போலப் படித்தவர்கள் வீடியோ பொய் என்று நிரூபித்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறீர்கள். திண்ணையை யார் கொடுப்பது?

வடக்கத்திக்காரன் விஷயத்துக்கு ஒரு வரி போதும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, திருப்பூரில் அந்தப் பையன்கள் நம்மைக் கண்டு நடுங்கினார்கள். பீகார் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி அதைப் பிடித்துக்கொண்டது. அவர்கள் ஊர்ப் பெரியப்பாக்களுக்கு எண்ணெய் பூசிய திருடன் நாம்தான்.

பயமுறுத்தாத கட்சி எது என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் ஜோசியம் பார்ப்பதில்லை. குழுவில் இருப்பதும் விலகுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காத ஒன்று இருக்கிறது. ராத்திரி ஷிப்டில் தறிச் சத்தத்தோடு விழித்துப் பழகின மனுஷன், குடோனைச் சாத்தின பிறகும் மூன்று மணிக்கு முழித்துக்கொண்டிருக்கிறார். அந்நேரம் வீட்டில் வேறு யார் முழித்திருக்கிறார்கள்?