ஆதிரை ஏன் சங்கை ஊதக்கூடாது?

கேள்வி: வேலை முடிந்து வந்து, இரவில் ஒரு மாயக்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு கடற்கரை நகரம், கொடுங்கோல் அரசன், ஆதிரை என்ற பதினேழு வயதுப் பெண். அவள் கையில் ஒரு சங்கு கிடைக்கிறது. அதை ஊதிவிட்டு அவள் எதைச் சொன்னாலும், ஒலியைக் கேட்டவர்கள் செய்தே ஆகவேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் அவளுடைய அண்ணனை அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கடைசியில் ஒரு முனிவர் அதிகாரத்தின் ஆபத்தை எடுத்துச் சொல்ல, அவள் சங்கைக் கடலில் எறிகிறாள். வாசித்த சிநேகிதி, “எறிவாள் எண்டு எனக்கு முதலே தெரியும், அதால ஒண்டும் தோணேல்லை” என்கிறாள். உண்மையைச் சொன்னால், அந்தச் சங்கு எனக்குக் கிடைத்தால் நான் எறியமாட்டேன். பிறகு அவளை எப்படி எறிய வைப்பது? எறிந்தால் போதுமா, உடைக்கவேண்டுமா?
— பெயர் வேண்டாம், வெள்ளவத்தை, கொழும்பு

பதில்: தங்கச்சி, “நான் எறியமாட்டேன்” என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். உங்கள் நாவலில் இல்லாமல் போனது அந்த ஒரு வரிதான்.

ஆதிரைக்கு அந்தச் சங்கின்மேல் ஆசையே இல்லை. ஆசை இல்லாத பொருளை எறிய மனவுறுதி எதற்கு? உங்கள் முனிவர் முடி, செங்கோல், நாடு என்று பேசுவார் என நினைக்கிறேன். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அவை எதற்கு? அவளுக்கு வேண்டியது அண்ணன். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் கொண்டுபோன அந்த அண்ணனைப் பற்றி உங்கள் கடிதத்தில் அதற்குப் பிறகு ஒரு சொல்லும் இல்லை. நாவலிலும் அவன் அப்படியே விடுபட்டுப் போயிருப்பானோ என்று எனக்குப் பயம்.

அவனைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஆளையல்ல, அவன் இல்லாத வீட்டை. சிறை வாசலில் ஆதிரை நிற்கிறாள். எதிரே காவலன். ஒரு தரம் ஊதி, “என் அண்ணன் எங்கே?” என்று கேட்டால் போதும். நம் நாட்டில் காணாமல் போன பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். இதை வாசிக்கிற எவரும் “ஊது பிள்ளை, ஊது” என்றுதான் சொல்வார்கள். நீங்களும் சொல்வீர்கள், நானும் சொல்வேன். அப்படி வாசகர் அவசரப்படுத்தும்போது அவள் ஊதாமல் நின்றால் சிநேகிதிக்கு ஏதாவது தோன்றும். தோன்றாவிட்டால் சிநேகிதியை மாற்றுங்கள்.

டோல்கீன் 1954–55இல் வெளியிட்ட ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையில் இந்த விஷயம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வைத்திருப்பவருக்குப் பேரதிகாரம் தரும் ஒரு மோதிரம், அதை அழிக்கவேண்டும், அதுதான் கதை. அந்த மோதிரம் எல்லாரிடமும் ஒரே பேச்சைப் பேசுவதில்லை. போர்வீரன் போரொமிருக்குத் தன் நகரத்தைக் காப்பாற்றவேண்டும், அந்த வழியால் அது அவனிடம் வருகிறது. மந்திரவாதி கண்டால்ஃபிடம் இரக்கத்தின் வழியாக வரப் பார்க்கிறது. எளியவர்களுக்கு நல்லது செய்யும் பலம் வேண்டும் என்ற ஆசையே தன்னை விழுத்திவிடும் என்று அவரே சொல்லி, வேண்டாம் என்கிறார். சாம் தோட்டக்காரன். பாழ்நிலம் முழுவதையும் பூந்தோட்டமாக்கலாம் என்ற கனவு அவனுக்கு வருகிறது. மோதிரத்தைச் சுமந்து செல்லும் தன் எசமான் ஃப்ரோடோமேல் இருந்த அன்பும், தன் கையால் கொத்தக்கூடிய ஒரு சின்னத் தோட்டம் தனக்குப் போதும் என்ற சாதாரண அறிவும்தான் அவனைக் காப்பாற்றுகின்றன. உபதேசம் செய்ய முனிவர் யாரும் பக்கத்தில் இல்லை.

அரசி கலாட்ரியல் வரும் இடத்தை நீங்கள் இன்னொரு தரம் வாசிக்கவேண்டும். ஃப்ரோடோ மோதிரத்தைத் தானாகவே நீட்டுகிறான். அது தன் கைக்கு வந்தால் என்ன செய்யலாம் என்று நீண்ட காலமாக யோசித்து வைத்திருந்ததை அவள் மறைக்கவில்லை. மறுத்தாலும் அவளுக்கு நட்டம்தான். மோதிரம் அழிந்தால், அவள் காத்துவந்த காட்டின் அழகும் மங்கிப்போகும். தெரிந்துதான் மறுக்கிறாள். ஆதிரையும் இப்படி எதையாவது இழக்கவேண்டாமா? உங்கள் கதையில் சங்கை எறிவதால் அவள் வேறு எதையும் இழக்கவில்லை.

சரி, அவள் ஏன் ஊதாமல் நிற்கவேண்டும்? காரணத்தை முனிவரின் வாயில் தேடாதீர்கள், சங்குக்குள்ளேயே தேடுங்கள். ஊதினால் காவலன் சொன்னபடி செய்தே ஆகவேண்டும், இல்லையா? அப்படியென்றால் அவன் உண்மையைச் சொல்கிறானா, அவள் கேட்க ஆசைப்படுவதைச் சொல்கிறானா? “உயிரோடு இருக்கிறான்” என்று அவன் சொன்னால் அதை வைத்து அவள் என்ன செய்வாள்? எதற்காக ஊதினாளோ அதையே சங்கு கெடுத்துவிடுகிறது.

இதை விளக்கி எழுதாதீர்கள், முன்னமே நடக்க விடுங்கள். நாலாம் அல்லது ஐந்தாம் அத்தியாயத்தில், அண்ணனை நினைத்துச் சாப்பிடாமல் கிடக்கும் அம்மாவுக்காக அவள் ஒரு தரம் ஊதட்டும். “அழாதீங்கோ அம்மா, சாப்பிடுங்கோ.” அம்மா எழும்பிச் சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். அன்றிரவு ஆதிரைக்கு நல்ல நித்திரை. அடுத்த நாளும் அம்மா சிரிக்கிறாள். அண்ணனின் பெயரைச் சொன்னாலும் அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு அதே வீட்டில் இருக்கவேண்டிய பிள்ளை, சிறை வாசலில் சங்கை உதட்டுவரை கொண்டுபோய்விட்டு இறக்கினால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அப்புறம் அந்த முனிவரை ஓய்வெடுக்க அனுப்பிவிடலாம். அவர் பேசும் பக்கங்களை அப்படியே வெட்டுங்கள், ஒன்றும் குறையாது.

இன்னொரு ஆசையும் அவளுக்கு வரட்டும்: “இந்த ஒரு வேலையை முடித்துவிட்டு எறிந்துவிடுவேன்.” ஆசைகளில் மிக நாகரிகமானது இதுதான். கொழும்பில் இருக்கும் நமக்கு இந்த வசனம் புதிதும் இல்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்புக் கொண்டுவந்த நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்ற வாக்குறுதி 1994 தேர்தலிலேயே தரப்பட்டது. பிறகும் வேறு வேறு வாய்களிலிருந்து அதைக் கேட்டோம். திருத்தங்கள் வந்தன. அதிகாரம் ஒருமுறை குறைந்தது, ஒருமுறை கூடியது. கதிரை அங்கேயே இருக்கிறது. சொன்னவர்கள் எல்லாரும் பொய்யாகத்தான் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. உட்காரும் முன் சிலர் அதை நம்பியும் இருப்பார்கள். ஆதிரையும் உண்மையாகவே நம்பட்டும், அப்போதுதான் வாசகருக்குப் பயம் வரும்.

எறிவதா, உடைப்பதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் அவசரம் என்பது என் எண்ணம். கம்பனின் பரதனைப் பாருங்கள். அரசு அவனுக்குக் கள்ள வழியில் வரவில்லை. தாய் வரம் கேட்டாள், தந்தை வாக்குக் கொடுத்தார், வசிட்டரே ஏற்றுக்கொள் என்கிறார். சாட்டுச் சொல்ல இவ்வளவு இருந்தும் மறுக்கிறான். மறுத்துவிட்டு வனத்துக்குப் போய்த் தப்பவும் முடியவில்லை, நாட்டை யாராவது பார்க்கவேண்டுமே. பாதுகையை வைத்துக்கொண்டு, அயோத்திக்குள் போகாமல், நந்தியம்பதியில் இருந்து பதினான்கு வருடம் ஆள்கிறான். தினமும் காலையில் எழும்பி அதே அரசைத் திரும்பத் திரும்ப மறுக்கவேண்டும். கடலில் எறிந்தால் ஒரு நாளோடு வேலை முடிந்துவிடும். சங்கு வீட்டில், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் கிடந்தால்? அண்ணனைப் பற்றி ஒவ்வொரு புது வதந்தி வரும்போதும் அவள் கை அங்கே போகுமே. உங்கள் நாவலின் பின்பாதி முழுவதும் அதில் இருக்கிறது.

கடைசியில் அவள் தோற்றாலும் எனக்குச் சம்மதம். மோதிரத்தை அழிக்கப் போன ஃப்ரோடோவே எரிமலை வாயில் நின்று மோதிரம் எனக்குத்தான் என்று சொல்லிவிடுகிறான். மோதிரத்தால் சீரழிந்த இன்னொரு பிராணி அதை அவன் விரலோடு கடித்துப் பறித்து நெருப்பில் விழுந்ததால்தான் கதை முடிகிறது. அந்தப் பிராணியை முன்பு கொல்லாமல் விட்டது அவர்களுடைய இரக்கம். நீங்கள் எறியமாட்டேன் என்கிறீர்கள். ஆதிரையும் எறியாமல் போகலாம். எழுதிப் பாருங்கள், அவள் எந்தப் பக்கம் சாய்கிறாள் என்று முன்கூட்டி முடிவு செய்யவேண்டாம்.

முழு நாவலையும் திருப்பி எழுதிவிட்டுக் காட்டக் காத்திருக்காதீர்கள். அம்மா சிரிக்கும் அத்தியாயத்தையும் சிறை வாசலையும் மட்டும் எழுதி அதே சிநேகிதியிடம் கொடுங்கள். நல்லா இருக்கா என்று கேட்கவேண்டாம். எந்த இடத்தில் “ஊதேன்டி” என்று நினைத்தாள் என்று கேட்டு, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.