கடைசி நாள் 620 கிலோமீட்டர்: ஒரே மூச்சில் வேண்டாம்

பைக் பயணத்தின் கடைசி நாளான நாளை, மீதி 620 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் ஓட்டி வீடு சேரலாம் என்கிறார் இன்னொரு பைக்கில் கூட வரும் நண்பர். உங்களுக்கோ மதியத்துக்கு மேல் கண் சொருகுகிறது, செயினும் சத்தம் போடுகிறது என்கிறீர்கள்.

கண் சொருகுவதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 22 மீட்டர் போகும். மூன்று நொடி கண் மூடினால், 66 மீட்டர் யாரும் ஓட்டாத வண்டி அது. முடிந்தால் இரண்டு நாளாகப் பிரித்துவிடுங்கள். விடுப்பு இல்லையா? சரி, விடியலில் கிளம்புங்கள். பிற்பகல் 2 முதல் 4 வரை உடம்பே தூக்கம் கேட்கும். அப்போது ஒரு காபி குடித்த கையோடு 20 நிமிடம் படுங்கள். எழும் நேரத்தில்தான் காபி வேலை செய்யத் தொடங்கும். இருட்டிவிட்டால் எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே தங்குங்கள்.

செயினை இன்றே பாருங்கள். எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றி, நாலைந்து இடங்களில் செயினை அழுத்துங்கள். ஓரிடத்தில் விறைப்பாகவும் இன்னோரிடத்தில் தொளதொளவென்றும் இருந்தால் அது சமமாகத் தேயவில்லை. விறைப்பான இடத்தில்தான் தளர்வை அளக்க வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும்.

நண்பரிடம் இன்றிரவே பேசிவிடுங்கள். இத்தனை தூரம் கூட வந்தவர், கோபித்தாலும் புரிந்துகொள்வார். அப்புறம், நாளை நீங்களே முன்னால் போங்கள். வேகம் உங்கள் கையில் இருக்கும். வண்டி தள்ளாடினால் பின்னால் வரும் அவர் ஹாரன் அடிப்பார்.