மத நம்பிக்கையும் மகப்பேறு பயிற்சியும்: இந்த முறை வந்த கேள்விகள்

லேபர் வார்டில் "ஆம்பளைப் பையன் வேண்டாம்" என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். என் லாக்புக் (பார்த்த கேஸ்களைப் பதியும் பயிற்சி ஏடு) என்னாவது? (சி.ஆர்.ஆர்.ஐ. என்னும் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி மாணவர், சேலம்)

சொன்னது அந்தப் பெண்ணா, அவருடைய மாமியாரா? அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவரே வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அடுத்த கேஸுக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் பிரசவத்துக்கா பஞ்சம்? ஆண் டாக்டர் கூடாது என்று வீட்டார் மறுத்து மூன்று பெண்கள் ஒரே இரவில் இறந்ததைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். அவர் வேலூரில் தொடங்கிய கல்லூரியிலேயே 1947 முதல் ஆண்களும் படிக்கிறார்கள். உங்களுக்கும் இடம் உண்டு.

எம்.டி.பி. (சட்டப்படியான கருக்கலைப்பு) கேஸுக்கு உதவியாக நிற்பதும் பாவத்தில் பங்கா? (நர்சிங் மூன்றாமாண்டு மாணவி, தூத்துக்குடி)

பாவக் கணக்கைப் பங்குத்தந்தையிடம் கேளுங்கள். சட்டக் கணக்கு என்றால், பிரிட்டனின் 1967 கருக்கலைப்புச் சட்டத்தில் மனசாட்சியைக் காட்டி விலகும் உரிமை உண்டு. அதுவும் நேரடியாகக் கைவைக்கும் வேலைக்கு மட்டும்தான், மேற்பார்வைக்கும் ட்யூட்டி போடுவதற்கும் பொருந்தாது என்று கிளாஸ்கோ மிட்வைஃப்கள் வழக்கில் 2014-ல் தீர்ப்பு வந்தது. நம்முடைய எம்.டி.பி. சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே இல்லை. தயக்கம் இருந்தால் வார்டு இன்சார்ஜிடம் முன்கூட்டியே, எழுத்தில் கொடுங்கள். நோயாளி மேஜையில் படுத்த பிறகு சொல்லாதீர்கள்.

எங்களுடையது ஆண்டவருக்குப் பயந்து நடக்கும் குடும்பம். எம்.டி.பி. செய்யவும் மாட்டேன், பார்க்கவும் மாட்டேன். லாக்புக்கில் கையெழுத்து வாங்கித் தருவதாக சீனியர் சொல்கிறார். சரிதானே? (எம்.எஸ். ஓ.ஜி. என்னும் மகப்பேறு மேற்படிப்பு முதலாண்டு, நாகர்கோவில்)

சரியில்லை அம்மா. சீனியர் சொல்வது மோசடி.

செய்ய மாட்டேன் என்பதை மட்டும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் 2002 மருத்துவ நெறிமுறை விதிகளில் 7.15-ஐப் படித்திருக்கிறீர்களா? மருத்துவக் காரணம் இருக்கும்போது, மதத்தை மட்டும் காட்டி கருத்தடை, கருக்கலைப்பு எதையும் மறுக்கக்கூடாது என்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது? முதல் வாரமே துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுத்தால் பெரும்பாலான துறைகளில் ட்யூட்டியை மாற்றிப் போட்டுவிடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன்.

பார்க்கவும் மாட்டேன் என்பதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. நாளைக்கு ஒரு தாலுகா மருத்துவமனையில் நீங்கள் ஒருவர்தான் ஓ.ஜி. இரவு இரண்டு மணிக்குப் பாதி கலைந்த கருவோடு, இரத்தம் கொட்டக் கொட்ட ஒருத்தி வருகிறாள். தானாகக் கலைந்ததா, மாத்திரை போட்டதா என்று கர்ப்பப்பையை உறிஞ்சிச் சுத்தம் செய்யும் எம்.வி.ஏ. குழாய்க்குத் தெரியாது. சிரிஞ்ச் அதேதான், கர்ப்பப்பை வாய் அதேதான், சுவர் துளைபடும் ஆபத்தும் அதேதான். எம்.டி.பி. தியேட்டருக்கு வெளியே நின்றவர் அந்த இரவில் எதை வைத்துச் சமாளிப்பார்? அயர்லாந்தின் கால்வேயில் 2012-ல் சவிதா ஹலப்பனவர் இறந்ததைக் கட்டாயம் படியுங்கள். 17 வாரம், கரு தங்காது என்று தெரிந்துவிட்டது. கலைத்துவிடுங்கள் என்று அவர் கேட்டும், கருவுக்குத் துடிப்பு இருக்கிறது என்று சொல்லிக் காத்திருந்தார்கள். செப்சிஸ் (உடல் முழுவதையும் தாக்கும் கிருமித் தொற்று) முற்றிப் போய்விட்டது. 2018-ல் அந்த நாடு கருக்கலைப்புத் தடையை நீக்க அரசியல் சட்டத்தையே மாற்றியது. அவசரத்தில் மனசாட்சிக்கு விலக்கு கிடையாது. இதை நூறு தடவை சொல்லியாயிற்று.

இன்னொரு தந்திரமும் உண்டு. அதே 7.15-ல், தனக்குத் திறமை போதாது என்று கருதும் டாக்டர் மறுக்கலாம் என்று ஒரு வாசல் இருக்கிறது. வேண்டுமென்றே கற்காமல் இருந்துவிட்டு, "எனக்குத் தெரியாதே" என்று அந்த வாசல் வழியாக நழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். வெறும் எம்.பி.பி.எஸ். முடித்தவர் 12 வாரம் வரை செய்யவே 25 கேஸில் உதவி, அதில் 5 தானே செய்து காட்ட வேண்டும். உங்களிடம் பி.ஜி. பட்டம் இருந்தால் அந்தக் கணக்கை யாரும் கேட்கமாட்டார்கள். அதனால்தான் அந்தக் கையெழுத்து பொய்யாக இருக்கக்கூடாது. தானாகக் கலைந்த கேஸ்களில் கையைப் பழக்குங்கள். எம்.டி.பி.யில் பக்கத்தில் நின்று பாருங்கள். கவுன்சலிங்கை முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யாத கேஸை அன்றே, செய்கிறவரிடம் அனுப்புங்கள். அனுப்பும்போது பிரசங்கம் வேண்டாம்.

ஸ்கேனில் குழந்தைக்குக் குறை என்றார்கள். டாக்டர் "எங்கள் மதத்தில் இது கிடையாது" என்று அனுப்பிவிட்டார். வேறெங்கும் செய்வார்களா? (வாசகி, திருப்பூர்)

எத்தனை வாரம்? இரண்டு பக்கக் கடிதத்தில் அது ஒன்றுதான் இல்லை. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். குறை என்றால் 24 வரை இருவர் கருத்து. கடுமையான குறையானால் அதற்குப் பிறகும் மெடிக்கல் போர்டு அனுமதிக்கலாம். ரிப்போர்ட்டோடு இன்றே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். 18 வயது நிறைந்தவருக்கு அவரவர் கையெழுத்து போதும், கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. திருமணம் ஆகாதவருக்கும் இதே உரிமை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மணமானவருக்குச் செய்துவிட்டு ஆகாதவரைத் திருப்பி அனுப்பும் டாக்டர்கள், அதற்கு மனசாட்சி என்று பெயர் வைக்க வேண்டாம். மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

டியூபில் (கருக்குழாயில்) கரு. எடுத்தால் எம்.டி.பி. ஆகுமா? கத்தோலிக்க மருத்துவமனையில் செய்வார்களா? (திருச்சி)

ஆகாது. செய்வார்கள். டியூபை எடுப்பதைக் கத்தோலிக்க அறநெறியாளர்களே ஏற்கிறார்கள். கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் ஊசி பற்றித்தான் அவர்களுக்குள் சர்ச்சை. வலி இருந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

கன்னியாஸ்திரிகள் பிரசவம் பார்க்கக்கூடாது என்று ஒரு காலத்தில் விதி இருந்ததாமே? (பாளையங்கோட்டை)

இருந்தது. ரோம் அதை 1936-ல்தான் தளர்த்தியது. அதற்கு முன்பே குண்டூருக்கு வந்த ஆஸ்திரேலிய டாக்டர் மேரி க்ளோரி, போப்பிடம் தனி அனுமதி வாங்கித்தான் கன்னியாஸ்திரியாக இருந்தபடி மருத்துவம் பார்த்தார்.

மகள் எம்.பி.பி.எஸ். சேர்கிறாள். தியேட்டரில் முழுக்கை, தலைமறைப்பு அனுமதிப்பார்களா? ஆண்களையும் பரிசோதிக்க வேண்டுமா? (தந்தை, ஆம்பூர்)

தலையை மூடலாம், எல்லோருமே மூடித்தான் ஆக வேண்டும். கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவ வேண்டும், இது கிருமி விஷயம். கழுவிய பிறகு போடும் ஸ்டெரைல் கவுன் முழுக்கைதான். ஆண்களையும் பரிசோதிக்கத்தான் வேண்டும், தேர்வில் கேஸ் வரும். அடுத்த கேள்வியை மகளே எழுதட்டும்.